கழுத்துக் கட்டிக்கு எந்தக் குறியீடு? வில்லியனூர், பாகூர் வட்டாரத்தை முன்வைத்து

தைராய்டு சுரப்பி இயல்பான அளவைவிடப் பெருத்திருப்பதை முன்கழுத்துக் கழலை என்கிறார்கள். மருத்துவமனைப் பேச்சில் அது காய்ட்டர், ஊர்ப்பேச்சில் கழுத்துக் கட்டி. அயோடின் பற்றாக்குறையால் வந்த வீக்கம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வந்த வீக்கம், சுரப்பிக்குள் முளைத்த சாதாரணக் கட்டிகள், ஹார்மோன் மிகையாகச் சுரப்பதால் வந்த பெருக்கம், அரிதாகப் புற்றுநோய் ஆகிய எல்லாமே வெளியிலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலவே தெரியும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால்தான் நோய்களின் பன்னாட்டு வகைப்பாடான ஐசிடி இந்த வீக்கத்துக்கு ஒரே குறியீட்டைக் கொடுக்காமல் பலவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவற்றுள் எது ஒருவருக்குப் பொருந்தும் என்பது ஓபி சீட்டிலும் கேஸ் ஷீட்டிலும் மருத்துவர் எழுதும் சில சொற்களைப் பொறுத்தது. அந்தச் சொற்கள் இல்லாவிட்டால், குறியீடு போடுபவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

இந்திய மருத்துவமனைகளில் புழங்குவது ஐசிடியின் பத்தாம் திருத்தம். உலக சுகாதாரப் பேரவை 1990 மே மாதம் அதற்கு ஒப்புதல் தந்தது. 1994 முதல் உறுப்பு நாடுகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. அதில் தைராய்டு கோளாறுகளுக்கு ஈ00 முதல் ஈ07 வரையிலான பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஈ01 என்பது அயோடின் பற்றாக்குறையால் வரும் தைராய்டு கோளாறுகள். அதற்குள் சுரப்பி முழுவதும் சீராகப் பெருத்தால் ஈ01.0, பல கட்டிகளாகப் பெருத்தால் ஈ01.1, எப்படி என்று குறிப்பிடாவிட்டால் ஈ01.2. மிகைச் சுரப்பில்லாத பிற கழலைகளுக்கு ஈ04: சீரான வீக்கம் ஈ04.0, ஒற்றைக் கட்டி ஈ04.1, பல கட்டிகள் ஈ04.2, விவரம் இல்லாதது ஈ04.9. மிகைச் சுரப்பு இருந்தால் ஈ05-க்குப் போக வேண்டும். அங்கும் சீரான வீக்கம் ஈ05.0, ஒற்றைக் கட்டி ஈ05.1, பல கட்டிகள் ஈ05.2 என்று அதே வரிசைதான். ஹாஷிமோட்டோ நோய் எனப்படும் தன்னுடல் தாக்குத் தைராய்டு அழற்சி ஈ06.3. பிறவியிலேயே குறைச் சுரப்போடு வரும் சீரான வீக்கம் ஈ03.0. புற்றுநோய் இந்த அத்தியாயத்திலேயே இல்லை, அது சி73. சாதாரணக் கட்டி என்று திசுச் சோதனை உறுதிசெய்தால் டி34.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, அது மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளைப் புரிந்துகொள்வதே முக்கியம். வீக்கத்தின் வடிவம் என்ன, சுரப்பு எந்த நிலையில் இருக்கிறது, காரணம் தெரிந்ததா, திசுவின் தன்மை என்ன ஆகிய நான்கே கேள்விகள்தான். நான்குக்கும் குறிப்பில் விடை இருந்தால் குறியீடு தானாக வந்து விழும். ஒன்றுக்கும் விடை இல்லாத குறிப்புகள் போய்ச் சேரும் இடம் ஈ04.9. முதல் நாள் பரிசோதனையில் அந்தக் குறியீடு விழுவதில் தவறில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகும் அதுவே தொடர்வதுதான் குறை.

வடிவத்தைத் தெரிந்துகொள்ள முதலில் கையே போதும். நோயாளியை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்கிறார்கள். மூச்சுக்குழலோடு ஒட்டியிருப்பதால் தைராய்டு வீக்கம் விழுங்கும்போது மேலேறி இறங்கும். அடுத்து நாக்கை நீட்டச் சொல்கிறார்கள். நடுக்கழுத்தில் உள்ள கட்டி அப்போது மேலே இழுபட்டால் அது தைரோகுளாசல் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்புண்டு. அது பிறவிக் குறைபாடுகளின் அத்தியாயத்தில் கியூ89.2 ஆகிவிடும். வீக்கம் எதிலிருந்து எழுகிறது என்றே தெரியாத நிலையில் எழுதத் தகுந்தது ஆர்22.1, அதாவது கழுத்தில் ஓரிடத்து வீக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் தர அளவீட்டில் தொட்டால் தெரிந்து பார்வைக்குத் தெரியாத கழலை தரம் 1. கழுத்து இயல்பாக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிவது தரம் 2. இந்தத் தரத்துக்கு ஐசிடியில் இடமே இல்லை என்பதால் அதைக் குறிப்பில் எழுதினால்தான் உண்டு.

நல்ல குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இரு மடல்களும் பெருத்துள்ளன, வலது மடல் பெரிது; தரம் 2; மேற்பரப்பு முண்டு முண்டாக இருக்கிறது; விழுங்கும்போது ஏறுகிறது; கீழ் விளிம்பு விரலுக்கு எட்டுகிறது; கழுத்தில் நெறிகட்டி இல்லை; குரலில் மாற்றம் இல்லை; நாடி 84, கைநடுக்கம் இல்லை" என்று ஐந்தாறு வரிகள் போதும். கீழ் விளிம்பு எட்டுகிறதா என்ற அந்தச் சிறு விவரம் வீக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கிறதா என்பதைச் சொல்கிறது. அப்படி இறங்கிய கழலைக்கு ஐசிடியின் பத்தாம் திருத்தத்தில் தனிக் குறியீடு கிடையாது; அகரவரிசைப் பகுதி அதையும் ஈ04.9-க்கே அனுப்புகிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு உயிர் காக்கும் செய்தி அது. குறியீட்டை மட்டும் பார்க்கும் எவருக்கும் அது கண்ணில் படாது.

சுரப்பு நிலையை எழுதாமல் விடுவதால் வரும் குழப்பம் இன்னும் பெரியது. "தைராய்டு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார்" என்று நோயாளி சொன்னதை அப்படியே எழுதிய சீட்டிலிருந்து மிகைச் சுரப்பா குறைச் சுரப்பா என்றுகூடத் தெரியாது. மாத்திரையின் பெயரை எழுதியிருந்தால் பாதி தெரிந்துவிடும்: தைராக்சின் என்றால் குறைச் சுரப்புக்கு, கார்பிமசோல் என்றால் மிகைச் சுரப்புக்கு. ஆனாலும் மாத்திரையைப் பார்த்தோ, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்தோ குறியீடு போடுபவர் தாமாக ஒரு நோயை முடிவுசெய்யக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வெறுமனே மிகைச் சுரப்புக் கழலை என்று எழுதினால், வடிவம் சொல்லப்படாததால் அகரவரிசை அதை ஈ05.0-இல் சேர்த்துவிடும். அது கிரேவ்ஸ் நோய்க்குரிய இடம். கிரேவ்ஸ் நோய் ஒன்றிரண்டு ஆண்டு மாத்திரையிலேயே சிலருக்கு அடங்கிவிடும்; மிகைச் சுரப்புக் கட்டிகள் அப்படி நிரந்தரமாக அடங்குவதில்லை, கதிரியக்க அயோடினோ அறுவையோ தேவைப்படும். ஒரு சொல் விடுபட்டதால் இரண்டு வேறு கூட்டத்தார் ஒரே கணக்கில் ஏறிவிடுகிறார்கள்.

நான்கு கேள்விகளில் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக்கு மிகக் கடினமானது காரணம் பற்றியது. இந்தியாவில் கழலை ஒழிப்பு முயற்சி இமயமலை அடிவாரத்தில் தொடங்கியது. மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. கழலை என்பது அயோடின் பற்றாக்குறையின் ஒரு முகம் மட்டுமே என்று உணர்ந்த பிறகு, 1992-இல் அது அயோடின் பற்றாக்குறை நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டமாகப் பெயர் மாறியது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கான தடை 2000-இல் விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

கடலோரத்தில் அயோடின் பற்றாக்குறை வராது என்ற பழைய நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. கடல்நீரைக் காய்ச்சி எடுத்த கல்லுப்பில் தேவையான அளவு அயோடின் இருப்பதில்லை என்பதே உண்மை. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. தெருவில் விற்றுவரும் கல்லுப்பு இந்த ஊர்ச் சமையலறைகளுக்குப் புதிதல்ல. 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் பங்கு நாட்டளவில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு, மாநிலங்களில் அதுவே மிகக் குறைவு. புதுச்சேரியின் கிராமங்கள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கின்றன. வாரச்சந்தையும் மளிகைக்கடையும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை.

மறுபக்கம், புதுச்சேரிப் பெண்களின் தைராய்டு கோளாறுகள் பற்றி 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 505 பேரைப் பரிசோதித்து, அவர்களில் 11.5 விழுக்காட்டினருக்குக் குறைச் சுரப்பு இருப்பதைக் கண்டது. அதில் பெரும்பகுதி அறிகுறி தோன்றாத நிலை. அந்த ஆய்வு புதுச்சேரி மக்களை அயோடின் போதுமான அளவு பெறுபவர்களாகவே கருதியது. அயோடின் போதுமான இடங்களில் குறைச் சுரப்புக்கு முதன்மைக் காரணம் தன்னுடல் தாக்கு அழற்சிதான்.

ஆக, இங்கே ஒரு பெண்ணின் கழுத்து வீங்கியிருந்தால் ஈ01 என்றும் சொல்லிவிட முடியாது, ஈ01 இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவருடைய சிறுநீரில் உள்ள அயோடினை ஒருமுறை அளந்தாலும் தீர்வு கிடைக்காது. அந்த அளவு நாளுக்கு நாள் மாறுவது, ஒரு மக்கள்தொகையின் இடைநிலை மதிப்பாகவே அதற்குப் பொருள் உண்டு. பள்ளிக் குழந்தைகளில் கழலை உள்ளோர் 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்த இடத்தைக் கழலை பரவிய பகுதி என்று கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தனி நோயாளியின் சீட்டில் அயோடின் பற்றாக்குறை என்று மருத்துவர் எழுதாதவரை ஈ01 பயன்படுத்தக் கூடாது. எழுதுகிறவரும் ஆதாரத்தோடு எழுத வேண்டும். தன்னுடல் தாக்கு என்ற ஐயம் இருந்தால் தைராய்டைத் தாக்கும் டிபிஓ எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனை வழிகாட்டும். அந்தச் சோதனைக்குப் பிறகு ஹாஷிமோட்டோ என்று எழுதினால் ஈ06.3 ஒன்றே போதும். எழுதாவிட்டால் அதே நோயாளி குறைச் சுரப்பு ஈ03.9 என்றும் கழலை ஈ04.9 என்றும் இரண்டு குறியீடுகளாகப் பிளந்து, உண்மையான காரணம் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகும். உப்புக் கொள்கை சரியாக நடக்கிறதா, தன்னுடல் தாக்கு நோய் பெருகுகிறதா என்ற பெரிய கேள்விக்கு இந்த வட்டாரத்தின் பதிவேடுகள்தான் விடை தர வேண்டும். அதற்குக் காரணத்தோடு நோயாளியின் ஊரும் தேவை. புதுச்சேரி என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கொம்யூன், எந்தக் கிராமம், அல்லது எல்லை தாண்டி வந்தவரா என்பதைச் சீட்டு சொல்ல வேண்டும்.

குறியீடு எப்படி நகர்கிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மூன்று வருடக் கழுத்து வீக்கத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். கழலை என்று மட்டும் எழுதி மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் ஈ04.9. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து இரு மடல்களிலும் கட்டிகள் என்று தெரிந்ததும் ஈ04.2. டிஎஸ்எச் மிகத் தாழ்ந்து, தைராய்டு ஹார்மோனான டி4 கூடியிருப்பதைப் பார்த்து மருத்துவர் மிகைச் சுரப்பு என்று எழுதியதும் ஈ05.2. பெரிய கட்டியில் ஊசிச் சோதனை செய்து, அதன் முடிவுகளை வகைப்படுத்தும் பெதஸ்டா முறைப்படி இரண்டாம் வகை, அதாவது சாதாரணக் கட்டி என்று வருகிறது. மாத்திரையால் சுரப்பைக் கட்டுப்படுத்தி, பிறகு சுரப்பியை முழுவதும் அகற்றுகிறார்கள். வெட்டியெடுத்த திசுவின் அறிக்கையில், யாரும் எதிர்பாராத மூலையில் சில மில்லிமீட்டர் அளவில் பாப்பில்லரி புற்றுக்கட்டி இருப்பது தெரிகிறது. இந்தச் சேர்க்கைக்கு முதன்மை நோய் ஈ05.2-தான், ஏனெனில் அவர் சிகிச்சைக்கு வந்தது அதற்காக. சி73 உடன் நோயாகச் சேரும். புற்று என்ற ஐயத்தாலேயே அறுவை நடந்திருந்தால் சி73 முதன்மை இடத்துக்கு வரும்.

இதில் சறுக்கக் கூடிய இடம் கடைசிப் படி. திசு அறிக்கை வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். டிஸ்சார்ஜ் சம்மரி அச்சாகி, கேஸ் ஷீட் மருத்துவப் பதிவேட்டுத் துறைக்குப் போய், குறியீடும் ஏறிவிடும். அறிக்கையை அந்தக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குறியீட்டைத் திருத்த ஒருவரைப் பொறுப்பாக்காத இடத்தில் அந்தப் புற்றுநோய் புள்ளிவிவரத்தில் பிறக்கவே பிறக்காது. நோயாளியின் கையில் உள்ள தாளிலும் அது இருக்காது. தைராய்டு பதிவுகளில் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுவே.

ஊசிச் சோதனையின் வரம்பையும் பதிவு மதிக்க வேண்டும். பெதஸ்டா முறையில் ஆறு வகைகள் உண்டு. நான்காம் வகையான ஃபாலிகுலர் கட்டி சாதாரணமா புற்றா என்பதை ஊசியில் வந்த செல்களைக் கொண்டு சொல்ல முடியாது. கட்டியின் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதை முழுத் திசுவில்தான் பார்க்க முடியும். அதுவரை பொருத்தமான இடம் டி44.0, தன்மை உறுதியாகாத தைராய்டு கட்டி.

புற்று இருக்கலாம் என்ற ஐயத்தோடே சிகிச்சைக் கட்டம் முடிந்தால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் விதிப்படி, வேறு தகவல் எதுவும் இல்லாத நிலையில் ஐயத்துக்குரிய நோயை உறுதியானது போலவே குறிக்க வேண்டும். அமெரிக்கா தனக்கென விரித்துக்கொண்ட ஐசிடி-10-சிஎம் பதிப்பின்படி புறநோயாளிக்கு அப்படிச் செய்யக் கூடாது. கட்டி என்ற அளவிலேயே நிற்க வேண்டும். இந்த வேறுபாடு நம் பக்கத்துக்கு மிகவும் முக்கியம். சென்னையிலும் புதுச்சேரியிலும் மெடிக்கல் கோடிங் படிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியலுக்காகப் பயிற்சி பெறுகிறார்கள். அவர்கள் கற்கும் குறியீடுகளின் முதல் மூன்று இடங்கள் இந்தியாவில் உள்ளவையே. ஆனால் விதிகள் முழுவதும் ஒன்றல்ல. அங்கே கற்றதை இங்கே ஓர் அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் அப்படியே பயன்படுத்தினால் எண்ணிக்கை பிசகும்.

கழலையோடு சேர்ந்து வரும் நிலைகளுக்கும் தனிக் குறிப்பு வேண்டும். கர்ப்பிணிக்குத் தைராய்டு கோளாறு இருந்தால் ஓ99.2 முன்னால் வரும். கிரேவ்ஸ் நோயில் கண்கள் பிதுங்கியிருந்தால் ஈ05.0-உடன் எச்06.2. அறுவைக்குப் பிறகு கழலைக் குறியீடு முடிந்துவிடுகிறது. இல்லாத சுரப்பிக்கு ஈ04.2 என்று ஆண்டுக்கணக்கில் சீட்டுக்குச் சீட்டு நகலெடுப்பது தவறு. சுரப்பி அகற்றியதால் வந்த குறைச் சுரப்பு ஈ89.0; அருகில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்து கால்சியம் குறைந்தால் ஈ89.2, குரல்நாண் செயலிழந்தால் ஜே38.0. இவற்றை எழுதித் திருப்பி அனுப்பினால்தான், தைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் நிறுத்தக் கூடாது என்பது கிராமத்து மருத்துவருக்குத் தெரியும்.

இந்தத் தாள்கள் ஒரே கட்டடத்தில் தங்குவதில்லை என்பது இந்த வட்டாரத்தின் இயல்பு. வில்லியனூர்ப் பக்கத்து நோயாளி கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ போகிறார். பாகூர்ப் பக்கத்தவருக்குக் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகள் அருகில். கடலூர் அரசு மருத்துவமனையும் தூரமில்லை. ஒவ்வோர் இடத்திலும் புதுச் சீட்டு, புது எண், பெரும்பாலும் புது ஸ்கேன். குறியீட்டுப் பயிற்சியில் புதுச்சேரிக்கு ஒரு பெருமை உண்டு. சிபிஎச்ஐ எனப்படும் மத்திய அரசின் சுகாதாரத் தகவல் அமைப்பு மருத்துவப் பதிவேட்டு அலுவலர்களையும் தொழில்நுட்பர்களையும் பயிற்றும் மையங்களில் ஒன்று டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் இருக்கிறது, மற்றொன்று ஜிப்மரில். நாட்டின் பல பகுதிகளில் ஐசிடி போடுபவர்கள் இங்கே வந்து கற்றுப் போயிருக்கிறார்கள். அந்தத் திறமை பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டுவரை இறங்க வேண்டும்.

மின்பதிவு அதற்கு ஒரு வழி. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு ஒன்றியப் பகுதிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது புதுச்சேரியும் அதில் இருந்தது. ஒருவருக்கு ஒரே சுகாதார எண் என்ற அந்த ஏற்பாடு கதிர்காமத்து ஸ்கேனையும் பாகூர்ச் சீட்டையும் இணைக்க வல்லது. நுணுக்கமான மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி என்ற சொற்தொகுதியை இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மின்பதிவுத் தரநிலைகள் பரிந்துரைக்கின்றன. நெஞ்செலும்புக்குப் பின் இறங்கிய கழலை போன்று ஐசிடியில் தொலைந்துபோகும் விவரங்களுக்கு அதில் இடமிருக்கிறது.

ஐசிடியின் பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாடுகள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. அதில் மிகைச் சுரப்பில்லாத கழலை 5ஏ01, மிகைச் சுரப்பு 5ஏ02, தைராய்டு அழற்சி 5ஏ03. பழைய ஈ04.2 புதிய 5ஏ01.2-க்குச் சிக்கலின்றி மாறும். பழைய ஈ04.9 மாறிச் சேருவது 5ஏ01.இசட் என்ற விவரமில்லாத வகைக்குத்தான். வடிவமும் சுரப்பும் காரணமும் அந்தக் காலத்துக் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருந்து அது அழிக்கப்படாமலும் இருந்தால், அதைப் படித்து மறுபடி சரியான குறியீடு போடலாம். ஆகவே மாற்றக் காலத்தில் குறியீட்டை மட்டும் புதிய கணினிக்கு ஏற்றிவிட்டுப் பழைய தாளைக் கழிப்பது கூடாது. மருத்துவர் எழுதிய மூல வாசகத்தையும் குறியீட்டோடு சேர்த்தே ஏற்ற வேண்டும்.